நிசான் லீஃப் காரில் ஓபிடி அடப்டரைப் பொருத்துவதும் மறைவாக வைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மின்சாரக் கார்களுக்கான வரி குறைவாக இருந்தபோது, ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப் கார்கள் பெருமளவில் இலங்கைக்கு வந்தன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதே கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. ஆகவே பற்றரியின் நிலையை அறிந்துகொள்ள காரின் கணினிகளைப் படிப்பதற்கான ஓபிடி சொக்கற்றில் செருகும் ஒரு சிறு அடப்டரை வாங்கிப் பொருத்தாத லீஃப் உரிமையாளரைக் காண்பது அரிது. அதைச் சரியாகப் பொருத்துவது பற்றி உரிமையாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன. பெரும்பாலும் 24, 30 கிலோவாற் மணி பற்றரி கொண்ட முதல் தலைமுறைக் காரை மனதில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன.

மீற்றரிலேயே பற்றரியின் கோடுகள் தெரிகின்றனவே, அடப்டர் எதற்கு?

மீற்றரின் ஓரத்தில் தெரியும் 12 சிறு கோடுகள் பற்றரியின் கொள்ளளவைக் காட்டுவது உண்மைதான். ஆனால் அவை சம அளவிலானவை அல்ல. முதல் கோடு மறையும்போது ஏறக்குறைய 15 வீதக் கொள்ளளவு போய்விட்டிருக்கும். அடுத்தடுத்த கோடுகள் ஒவ்வொன்றும் 6 வீதத்துக்குச் சற்று மேலான இழப்பைக் குறிக்கும். 12 கோடுகளும் தெரிகிற இரண்டு கார்களில் ஒன்று புதிதுபோலவும் மற்றது முதற்கோட்டை இழக்கும் விளிம்பிலும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடப்டரைச் செருகி, லீஃப்ஸ்பை செயலியைக் கைத்தொலைபேசியில் திறந்தால், பற்றரிக்குள் உள்ள 96 செல் இணைகளின் வோல்ற்றளவும் தனித்தனியே தெரியும். மொத்தக் கொள்ளளவு அம்பியர் மணியில் தெரியும், பற்றரியின் வெப்பநிலை தெரியும், விரைவு சார்ஜும் சாதாரண சார்ஜும் எத்தனை தடவை ஏற்றப்பட்டன என்பதும் தெரியும். லீஃபின் பற்றரியைக் குளிர்விக்கத் திரவமோ விசிறியோ இல்லை. வெப்பம் தானாகவே தணிய வேண்டும். எங்கள் வெயிலில் வெப்பநிலை எண்ணே மற்ற எல்லாவற்றையும் விடப் பயனுள்ளது என்பேன். மத்தியானம் விரைவு சார்ஜ் போட்டுவிட்டு உடனே நெடுஞ்சாலையில் ஏறலாமா என்ற கேள்விக்கு அது ஒன்றே பதில் சொல்லும். நடுத்திரை ஜப்பானிய மொழியில் இருக்கும் காரில், படிக்கக்கூடிய ஒரு திரை கிடைப்பது கூடுதல் வசதி.

எந்த அடப்டரை வாங்குவது?

சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை எல்ம்327 என்ற மின்னணுச் சில்லின் (சிப்) நகல்கள். அந்தச் சில்லை உருவாக்கிய கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் முதற்பதிப்புக்கு நகல் தடுப்பு வைக்காததால் அதன் நிரல் வெளியே போய்விட்டது. நிறுவனம் 2022இல் மூடப்பட்டுவிட்டது, நகல்கள் மட்டும் ஓயவில்லை. உறையில் 1.5 என்று அச்சிட்டிருந்தால் உயர்ந்த பதிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அப்படியொரு பதிப்பை எல்ம் நிறுவனம் வெளியிடவேயில்லை. 2.1 என்று எழுதியிருப்பவற்றிலும் பல, லீஃப்ஸ்பைக்குத் தேவையான கட்டளைகள் சிலவற்றைப் புரிந்துகொள்ளாமல் விழிக்கும்.

ஓபிடிலிங்க் எல்எக்ஸ், எம்எக்ஸ் பிளஸ் ஆகிய அடப்டர்கள் விலை கூடியவை, ஆனால் கார் நிறுத்தப்பட்டதும் தாமே உறங்கிவிடும். நிரந்தரமாகச் செருகி வைக்க நினைப்பவர்கள் அந்த ஒரு குணத்துக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம். ஐஃபோன் வைத்திருப்பவர்கள், குறைமின் புளூடூத் (பிஎல்ஈ) அல்லது வைஃபை உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய வகைப் புளூடூத் மட்டும் கொண்ட மலிவு அடப்டர்கள் அதனுடன் இணையா.

செருகும் சொக்கற் எங்கே இருக்கிறது?

சாரதியின் பக்கம், ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடிவிளிம்பில். டோர்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தால் 16 துளைகள் கொண்ட, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிய பிளாஸ்டிக் வாய் தெரியும். அந்த வடிவத்தால் பிளக்கைத் தலைகீழாகச் செருக முடியாது. இறுக்கமாக இருந்தால் பலவந்தப்படுத்தாமல் திருப்பிப் பாருங்கள். அமெரிக்காவில் 1996 முதல் புகை வெளியேற்றச் சட்டத்துக்காகக் கட்டாயமாக்கப்பட்ட அதே சொக்கற்தான் இது. புகையே இல்லாத காரிலும் அது இருப்பதற்குக் காரணம் கராஜ்காரரின் கருவிகள்.

இதை ஏன் மறைக்க வேண்டும்?

மூன்று காரணங்கள் நியாயமானவை. முதலாவது கால். அடப்டர் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் ஏறும்போதோ இறங்கும்போதோ முழங்கால் அதில் இடிக்கும். ஒரு தடவை பலமாக இடித்தால் சேதமாவது மலிவான பிளாஸ்டிக் அல்ல, காரின் சொக்கற்றும் அதன் பிடிமானமும். இரண்டாவது, வாகனத் தரிப்பிடத்தில் யன்னல் வழியே மின்னிக்கொண்டிருக்கும் பொருள் எதுவும் தேவையற்ற பார்வையை ஈர்க்கும். மூன்றாவது சத்தம்: சரியாக இறுகாத அடப்டர் குண்டும் குழியுமான வீதியில் கடகடக்கும், எஞ்சின் ஓசை இல்லாத காரில் அது தனியாகக் கேட்கும்.

ஆனால் யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். காலிலிருந்தும் திருடனிடமிருந்தும் மறைக்கலாம். காரை ஓட்டுபவரிடமிருந்தும், பழுது பார்ப்பவரிடமிருந்தும், அதை வாங்க வருபவரிடமிருந்தும் மறைக்கக் கூடாது. அதோடு, ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடி குனிந்து, எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு கையால் பிடுங்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். பிடுங்குவதற்கு ஸ்குரூ டிரைவர் தேவைப்படும்படி மறைத்தால், அது பிழையான மறைப்பு. இரவில் எச்சரிக்கை விளக்கு எரியும்போது அதன் விலை தெரியும்.

எப்படிப் பொருத்துவது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முதலில் எதையும் மறைக்க வேண்டாம். அடப்டரை நேராகச் சொக்கற்றில் செருகி, செயலி இணைகிறதா, சில நாள்களுக்குப் பிறகும் காரின் சிறிய துணைப் பற்றரியான 12 வோல்ற்று பற்றரி நன்றாக இருக்கிறதா, எந்த விளக்கும் எரியவில்லையா என்று பாருங்கள். மறைத்தபின் பழுது வந்தால், பழுது அடப்டரிலா வயரிலா காரிலா என்று பிரித்தறிவது பெரும் தொல்லை.

கட்டை விரலளவேயான அடப்டராக இருந்தால் பெரும்பாலும் அவ்வளவே போதும்; இருக்கையில் இருப்பவருக்கு அது தெரியாது, காலிலும் படாது. சற்றுப் பெரியதாக இருந்தால் நீட்டிப்பு வயர் ஒன்று தேவை. உருண்டை வயரை விட, நாடாபோன்ற தட்டையான வயரே இங்கு ஏற்றது, ஏனெனில் அதை டாஷ்போர்டின் கீழ்ப் பலகைக்குப் பின்னால் மடித்துச் செருகலாம். பிளக்கும் வளைந்த கழுத்துடையதாக இருந்தால் சொக்கற்றிலிருந்து கீழே தொங்காது.

காரை முழுமையாக நிறுத்தி, வயரைச் சொக்கற்றில் செருகுங்கள். அது உள்ளே போய் அமர்வது விரலுக்குத் தெரிய வேண்டும். பாதி செருகிய பிளக் முதல் மேட்டிலேயே தொடர்பை விட்டுவிடும். பிறகு வயரை மேல்நோக்கி, பலகையின் உட்புறம் கொண்டுபோய், அசையாத ஓர் உலோகப் பட்டியிலோ பிளாஸ்டிக் விலாவிலோ கட்டுங்கள். ஏற்கனவே அங்கு ஓடும் வயர்க் கட்டுகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அவற்றில் மஞ்சள் உறையிட்டவை காற்றுப்பைக்குச் செல்பவை; அவற்றைத் தொடவோ நகர்த்தவோ கூடாது. செம்மஞ்சள் நிற வயர் எங்கு கண்டாலும் அது உயர் மின்னழுத்த வயர். இந்த வேலைக்கு நீங்கள் அதன் அருகே போக வேண்டிய அவசியமே இல்லை, போயிருந்தால் தவறான இடத்தில் இருக்கிறீர்கள்.

அடப்டரின் உடலைத் துணி டேப்பால் ஒரு சுற்று சுற்றினால் கடகடப்பு நின்றுவிடும். காற்றோட்டத் துளைகள் இருந்தால் அவற்றை மூடாமல் விடுங்கள். சாதாரண கறுப்பு பிளாஸ்டிக் டேப் எங்கள் வெயிலில் உருகிப் பிசினாகிவிடும் என்பதால் அது வேண்டாம். உலோகப் பெட்டிக்குள்ளோ தடித்த உலோகத் தகட்டின் பின்னோ வைத்தால் புளூடூத் பலவீனமாகும், பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் வைத்தால் ஆகாது.

இனித்தான் முக்கியமான சோதனை. ஸ்டியரிங்கின் உயரத்தை முழுவதும் மேலேற்றி, பின் முழுவதும் கீழிறக்கி, அது வயரைத் தொடுகிறதா என்று பாருங்கள். பிரேக்கையும் அக்சிலரேற்றரையும் கடைசிவரை அழுத்துங்கள். காலால் மிதிக்கும் பார்க்கிங் பிரேக் கொண்ட பின்னைய மாடல்களில் அதையும் மிதித்து விடுவித்துப் பாருங்கள், ஏனெனில் அதன் தண்டு மேலே போகும் இடம் வெறுமையாகத் தோன்றினாலும் வெறுமையானதல்ல. கட்டு அவிழ்ந்து வயர் தொங்கினாலும் அது எந்த மிதிக்கும் எட்டாத நீளத்தில் இருப்பதே நல்லது.

நீட்டிப்பு வயர் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

30 சென்ரிமீற்றர் போதும். கேன் எனப்படும் தகவல் வழித்தடம் நொடிக்கு 5 இலட்சம் பிட் வேகத்தில் ஓடுகிறது; அதன் நடுவிலிருந்து பிரியும் கிளை நீளும்போது சமிக்ஞை அதன் முனையில் மோதித் திரும்பி வந்து குழப்பும். கைக் கருவியோடு வரும் சில மீற்றர் வயர் சிறிது நேரச் சோதனைக்கு வேலை செய்யும் என்பது உண்மை, ஆனால் நிரந்தரமாக விடுவதற்கு நீளத்தைக் குறைப்பதே ஒழுங்கு. டிக்கிக்குள் கொண்டுபோய் வைக்கும் யோசனையைக் கைவிடுங்கள்.

மலிவு வயர்களில் 16 கம்பிகளும் இருப்பதில்லை. தரைக்கு 4, 5, தகவலுக்கு 6, 14, மின்சாரத்துக்கு 16 ஆகிய இலக்கக் கம்பிகள் இருக்கின்றனவா என்று மல்ரிமீற்றரால் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

எப்போதும் செருகியே விடலாமா?

16ஆம் கம்பியில், கார் நிறுத்தப்பட்ட பின்பும் 12 வோல்ற்று வந்துகொண்டேயிருக்கும். உறங்கத் தெரியாத அடப்டர் 40 மில்லிஅம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 அம்பியர் மணி; இரண்டு வாரம் கார் நின்றால் 13க்கு மேல். லீஃபின் சிறிய 12 வோல்ற்று பற்றரிக்கு அது பெரிய பங்கு, பழைய பற்றரியானால் சொல்லவே வேண்டாம். அது இறந்துவிட்டால், பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் எழும்பாது, ஏனெனில் பெரிய பற்றரியின் இணைப்பு ஆளிகளை மூடுவதே இந்தச் சிறிய பற்றரிதான்.

தினமும் ஓடும் கார், உறங்கத் தெரிந்த அடப்டர்: விடலாம். மற்றபடி, ஆளி வைத்த நீட்டிப்பு வயர் வாங்கி, இறங்கும்போது அணைத்துவிடுங்கள். வெளிநாடு போகிறவர் பிடுங்கிவிட்டே போக வேண்டும்.

செருகியதும் மீற்றரில் எச்சரிக்கை விளக்குகள் எரிந்தன. என்ன செய்வது?

ஓடிக்கொண்டிருந்தால் பதறாமல் ஓரங்கட்டி நிறுத்துங்கள், அடப்டரைப் பிடுங்குங்கள், காரை அணைத்து மீண்டும் இயக்குங்கள். மோசமான நகல் ஒன்று கேன் தடத்தில் தவறான நேரத்தில் பேசிவிட்டாலோ, உள்ளே குறுக்குச்சுற்றாகிவிட்டாலோ, காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் இப்படி முறையிடும். பிடுங்கியபின் விளக்குகள் தணிந்தால் அந்த அடப்டரைக் குப்பையில் போடுங்கள். இன்னொரு காரில் முயன்று பார்க்கலாம் என்று நண்பருக்குக் கொடுக்காதீர்கள். தணியாவிட்டால், காரின் கணினி பதிந்துவைத்த பழுதுக் குறியீடுகளை நீங்களே அழித்துவிடாமல், எழுதிவைத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள்.

செயலி காட்டும் எண்களை எவ்வளவு நம்பலாம்?

அடப்டர் எதையும் அளப்பதில்லை. பற்றரியைக் கண்காணிக்கும் காரின் கணினி தான் கணக்கிட்டுவைத்ததைச் சொல்கிறது, அடப்டர் அதைக் கொண்டுவந்து தருகிறது. 2018இல் நியூசிலாந்தின் ஃபிளிப் த ஃப்ளீட் குழுவினர், பல உரிமையாளர்களின் எண்களைத் திரட்டி, 30 கிலோவாற் மணி லீஃப்கள் 24ஐ விட வேகமாகத் தேய்வதாகக் காட்டினார்கள். நிசான் ஆராய்ந்துவிட்டு, பற்றரியில் குறையில்லை, கொள்ளளவைக் கணக்கிடும் மென்பொருளில்தான் பிழை என்று கூறித் திருத்தத்தை வெளியிட்டது. எண்கள் பொய் சொல்லவில்லை. அந்தக் கணினி பிழையாக எண்ணியது, எல்லோரும் அதையே படித்தார்கள்.

அதனால் ஒற்றை வீதத்தைப் பார்த்து மகிழ்வதோ கலங்குவதோ வேண்டாம். புதிய 24 கிலோவாற் மணி பற்றரி 66 அம்பியர் மணியை ஒட்டிக் காட்டும். உங்களுடையது எங்கே நிற்கிறது, மாதக்கணக்கில் எந்த வேகத்தில் இறங்குகிறது என்பதே பார்க்க வேண்டியது. செல்களுக்கிடையிலான வோல்ற்று வித்தியாசத்தை, சார்ஜ் குறைந்த நிலையில், முடுக்கும்போது பாருங்கள். நிறைந்திருக்கும்போது எல்லாச் செல்களும் ஒழுங்குபோலத் தோன்றும். பலவீனமானது அடியில்தான் விழும்.

பாவித்த லீஃப் ஒன்றை வாங்கப்போகிறேன். அடப்டரைக் கொண்டுபோகலாமா?

கட்டாயம், ஆனால் விற்பவரிடம் சொல்லிவிட்டுச் செருகுங்கள். மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் திரும்புவதே மேல்.

பத்து ஆண்டுக்கு மேற்பட்ட காரில் 12 கோடும், செயலியில் 100ஐ ஒட்டிய ஆரோக்கிய வீதமும் (புதிய பற்றரியோடு ஒப்பிட்ட நிலை) தெரிந்தால் மகிழ வேண்டாம். பற்றரிக் கணினியின் நினைவை அழித்து மீளமைத்தால் அது புதிய பற்றரி என்று எண்ணத் தொடங்கும். ஓடத் தொடங்கியபின் உண்மையைக் கற்றுக்கொண்டு கோடு கோடாக இறங்கும், அதற்குள் பணம் கைமாறியிருக்கும். இந்த ஏமாற்று பழைய லீஃப் விற்பனையில் நன்கு அறியப்பட்டது. பற்றரி உண்மையில் மாற்றப்பட்டிருந்தால் பற்றுச்சீட்டு இருக்கும். இல்லையென்றால் நிறைய சார்ஜுடன் தொடங்கி, குறையும்வரை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மீளமைத்த பற்றரி கிலோமீற்றரில் பொய் சொல்ல முடியாது.

மறைவாகச் செருகிய அடப்டரால் காரைத் திருடவோ கெடுக்கவோ முடியுமா?

கவலை வெறும் கற்பனையல்ல. 2015இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாக ஆய்வாளர்கள், காப்புறுதிக்காகச் செருகும் சிம் கொண்ட கருவி ஒன்றுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, ஒரு கோர்வெட் காரின் துடைப்பானையும் மெதுவாக ஓடும்போது அதன் பிரேக்கையும் இயக்கிக் காட்டினார்கள். 2017இல் இஸ்ரேலின் ஆர்கஸ் நிறுவனம், பொஷ் தயாரித்த ஒரு புளூடூத் அடப்டரின் குறையைப் பயன்படுத்தி, அருகிலிருந்தே ஓடும் வண்டியின் எஞ்சினை நிறுத்திக் காட்டியது; பொஷ் பின்னர் அதைத் திருத்தியது.

லீஃப் உரிமையாளருக்கு இதன் பொருள் எளிது. சிம் உள்ளது வேண்டாம். கடவுச்சொல் இல்லாத வைஃபை அடப்டரை நிரந்தரமாக விட வேண்டாம், வீதியில் நிற்கும் எவரும் அதோடு இணையலாம். 1234 என்ற இரகசிய எண்ணோடு எப்போதும் இணையத் தயாராக இருக்கும் நகல்களும் அதே வகைதான். பொத்தானை அழுத்தினால் மட்டும் புதிய தொலைபேசியை ஏற்கும் அடப்டர் பாதுகாப்பானது. லீஃப்ஸ்பைத் திரையைப் படமெடுத்துப் பகிரும்போது வாகன அடையாள இலக்கத்தை மறையுங்கள். 2016 பெப்ரவரியில் டிராய் ஹண்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், அந்த இலக்கம் மட்டும் தெரிந்தாலே நிசானின் தொலைபேசிச் செயலிச் சேவை வழியாகப் பிறருடைய லீஃபின் குளிரூட்டியை இயக்க முடிகிறது என்று வெளிப்படுத்தினார். நிசான் அந்தச் சேவையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

கராஜுக்குப் போகும்போது?

பிடுங்கிவிட்டுக் கொடுங்கள். கராஜின் கருவியும் உங்கள் அடப்டரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் பதில்கள் கலந்துவிடும். மென்பொருள் ஏற்றும்போது அது நடந்தால் கணினியே கெட்டுப்போகலாம். நீட்டிப்பு வயரை அப்படியே விட்டுவைத்தால், அதன் முனையில் இது உரிமையாளர் பொருத்திய நீட்டிப்பு என்று ஒரு சிறு சீட்டை ஒட்டுங்கள். தெரியாத வயரைக் கண்டால் அதை வெட்டுபவரும் உண்டு.

மகன் ஓட்டும் காரில், அல்லது சம்பளத்துக்கு வைத்திருக்கும் சாரதியின் காரில், தெரியாமல் பொருத்தலாமா?

கூடாது. பற்றரியைப் படிக்கும் கருவி என்றாலும், அது பதியும் கோப்பில் நேரம், வேகம், தொலைபேசி வழியாக இருப்பிடம் எல்லாம் சேரும். கார் உங்களுடையதாக இருந்தாலும் பயணம் அவருடையது. சொல்லிவிட்டுப் பொருத்துங்கள், சாரதிக்கு அதை ஒரு தடவை பிடுங்கிக் காட்டுங்கள், விளக்கு எரிந்தால் அவர்தான் பிடுங்க வேண்டியவர்.

இரவில் அதன் நீல விளக்கு கால்மிதியில் மின்னி எரிச்சலூட்டுகிறது.

விளக்கின் மேல் மட்டும் சிறு துண்டுத் துணி டேப்பை ஒட்டுங்கள். விளக்கை முறித்தோ கறுப்பு மை பூசியோ விடாதீர்கள். கார் நின்று வெகுநேரமாகியும் அது மின்னிக்கொண்டிருந்தால் அடப்டர் உறங்கவில்லை என்பதை அந்த விளக்குத்தான் சொல்லும்.

காரை விற்கும்போது அடப்டரை என்ன செய்வது?

வாங்குபவர் பார்க்க வரும் நாளில் செருகியே வைத்து, அவரது தொலைபேசியிலேயே எண்களைப் பார்க்க விடுங்கள். குறியீடுகளை முந்தைய நாள் அழித்துவைக்காதீர்கள். விற்றபின் எடுத்துக்கொள்வதானால் நீட்டிப்பு வயரையும் கட்டுகளையும் கழற்றி, சொக்கற்றை முன்பிருந்தபடியே விடுங்கள். கொடுத்துவிடுவதானால் அது எங்கே மறைந்திருக்கிறது, எப்படிப் பிடுங்குவது என்று காட்டிவிட்டு, உங்கள் தொலைபேசியில் உள்ள இணைப்பை அழித்துவிடுங்கள்.